உயிர் காக்கும் கலையைக் கற்பிக்கத் தகுதியுடையவர் யார்?

விபத்து முன்னறிவித்து வருவதில்லை. அது நேர்ந்த இடத்தில் முதன்முதல் நிற்பவரும் பெரும்பாலும் மருத்துவராக இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், உடன் பயணம் செய்தவர், எதிர்க் கடையில் நின்றவர் ஆகியோருள் ஒருவரே முதலில் கை கொடுக்கிறார். 2006 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள் மாலையில் மும்பையின் மேற்கு ரயில் பாதையில் ஏழு வண்டிகளில் குண்டுகள் வெடித்தபோது இவ்வுண்மையை நகரம் முழுதும் கண்கூடாகக் கண்டது. மாட்டுங்கா ரோடு, மாஹிம் முதலிய நிலையங்களின் அருகே நிகழ்ந்த அக்கொடுமையில் 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதையோரக் குடிசைகளில் வாழ்ந்த எளிய மக்கள் தம் படுக்கை விரிப்புகளையே தூளிகளாக்கிக் காயமுற்றோரைச் சுமந்து சென்றனர். அவர்களுள் பலர், தாராவியை அடுத்துள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில், அதாவது நாமெல்லாம் சயான் ஆஸ்பத்திரி என்று வழங்கும் இடத்தில், சேர்க்கப்பட்டனர்.

அன்று அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் அன்பு மட்டும் போதுவதன்று. முதுகெலும்பில் அடிபட்டவரை எவ்வாறு தூக்குவது, பீறிட்டுவரும் குருதியை எவ்விடத்தில் அழுத்தி நிறுத்துவது, மூச்சற்றுக் கிடப்பவருக்கு முதலில் செய்ய வேண்டுவது யாது என்பனவற்றை ஒருவர் கற்பித்திருந்தால்தான் மற்றொருவர் அறிந்திருக்க இயலும். அவ்வாறு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு அரசாங்கச் சம்பளம் பெறுவோரும் நம் நாட்டில் உள்ளனர். அப்பதவிகள் எவை, அவற்றுக்குரிய தகுதிகள் எவை, மும்பையில் குடியேறி வாழும் தமிழ் இளைஞர் அவற்றை அடைய முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் எவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

முதலில் இக்கலையின் அவசியத்தைச் சற்று நோக்குவோம். இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கேடுறத் தொடங்குகிறது. மார்பை அழுத்தும் சிகிச்சை கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் 108 எண்ணுக்குரிய ஆம்புலன்ஸ் சேவை 2014 இல் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் மருத்துவர் ஒருவரை அமர்த்துவது அதன் சிறப்பாக அமைந்தது. தமிழ்நாட்டில் அதே எண் 2008 இலேயே நடைமுறைக்கு வந்ததை நம் உறவினர் அறிவர். ஆனால் தாராவியின் சந்துகளில் இருவர் எதிரெதிரே நடந்தாலே தோள் உரசும். அங்கே ஆம்புலன்ஸ் எவ்வாறு நுழையும்? இதனை உணர்ந்தே 2017 இல் மும்பையில் மோட்டார் சைக்கிள் ஆம்புலன்சுகளும் தொடங்கப்பட்டன. எவ்வளவு விரைந்து வந்தாலும் வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அண்டை வீட்டாருடைய கைகளில்தான் இருக்கின்றன. மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும் என்பதைக் காதால் கேட்பது எளிது. கை அதைப் பழக வேண்டுமானால் எதிரே ஓர் ஆசிரியர் நின்று, "இன்னும் ஆழமாக அழுத்துக, மார்பு முழுவதும் மேலெழும்ப விடுக" என்று திருத்த வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு வித்தையைச் செய்யத் தெரிந்தவர் எல்லோரும் அதைக் கற்பிக்கத் தெரிந்தவர் ஆகார். அவசர மருத்துவத்தில் ஆசிரியருக்கு மூன்று தகுதிகள் இன்றியமையாதன. பாடத்தில் தெளிந்த அறிவு ஒன்று. கையில் மங்காத பழக்கம் இரண்டு. பிறர் பிழையைக் கண்டு பொறுமையாகத் திருத்தும் ஆற்றல் மூன்று. உலகில் பலரும் பின்பற்றும் அமெரிக்க இருதயச் சங்கத்தின் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி பெற்றவருக்கு அச்சங்கம் வழங்கும் அட்டை இரண்டே ஆண்டுகள்தாம் செல்லும். ஆசிரியராக விரும்புவோர் அவ்வட்டையைப் பெற்ற பின்னர்த் தனியே ஆசிரியர் பயிற்சி முடித்து, அனுபவமுடைய ஒருவரது மேற்பார்வையில் வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். அதன் பின்னரும் இரண்டாண்டுகளில் நான்கு வகுப்புகளேனும் நடத்தினால்தான் ஆசிரியர் நிலை நீடிக்கும். கற்பிக்காதவர் கற்பிக்கும் தகுதியை இழப்பார் என்பதே இவ்விதியின் கருத்து. எனினும் இத்தகைய அட்டை ஒன்றை மட்டும் காட்டி அரசாங்கப் பதவி பெற இயலாது. அடிப்படைக் கல்விக்கு மேல் அமையும் துணைத் தகுதியாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

இனி, அரசாங்கப் பதவிக்குரிய வாயில்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில் மருத்துவக் கல்லூரி. அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 இல் ஏற்றுக்கொண்டது. எம்.பி.பி.எஸ். முடித்து, அத்துறையில் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டம் பெற்று, பின்னர் சீனியர் ரெசிடென்ட் பதவியில் ஓராண்டு பணியாற்றி, உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பதே நேரான வழி. இத்தகுதி விதிகள் தேசிய மருத்துவ ஆணையத்தால் காலந்தோறும் திருத்தப்படுவன ஆதலின், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். மும்பையில் 1845 இல் நிறுவப்பெற்ற கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாநில அரசுக்குரியது. சயான், பரேல், மும்பை சென்ட்ரல் ஆகிய இடங்களில் உள்ள பெரிய கல்லூரிகள் மாநகராட்சிக்குரியவை. இரண்டுக்கும் ஆள் சேர்க்கும் முறை வேறு என்பதை நினைவிற் கொள்க. மேலும் 2021 இல் மத்திய சுகாதார அமைச்சகம் தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, மருத்துவர், நர்சு, துணை மருத்துவப் பணியாளர் ஆகிய மூவருக்கும் பாடங்களை வகுத்துள்ளது. அரசு மருத்துவமனைகளில் பணிபுரிவோர் இதில் தேர்ச்சி பெற்றுப் பிறருக்குக் கற்பிக்கும் நிலையை எய்தலாம்.

இரண்டாவது வாயில் நர்சுகளுக்குரியது. தமிழ்க் குடும்பங்களின் பெண்மக்கள் பலர் இத்தொழிலை விரும்பி ஏற்கின்றனர். நர்சிங் கல்லூரியில் டியூட்டர் என்னும் ஆசிரியப் பதவிக்கு எம்.எஸ்ஸி. நர்சிங் பட்டம் விரும்பத்தக்கது. பி.எஸ்ஸி. நர்சிங் பட்டமும் ஓராண்டு அனுபவமும் உடையவரும் தகுதியுடையவரே என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்துகொண்டவர், மும்பையில் பணியேற்குமுன் தம் பதிவை மகாராஷ்டிர நர்சிங் கவுன்சிலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதனைச் செய்யாமல் நேர்முகத் தேர்வுக்குச் சென்று ஏமாற்றத்துடன் திரும்புவோர் உளர்.

மூன்றாவது வாயில் துணை மருத்துவப் படிப்பு. இத்துறையில் நெடுங்காலம் தெளிவான சட்டம் இல்லாதிருந்தது. 2021 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அக்குறையை நீக்க முற்பட்டது. அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்னும் பிரிவும் அதன் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. துணை மருத்துவத் தொழிலர் எனப்படுவோருக்கு 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பும், சுகாதாரத் தொழிலர் எனப்படுவோருக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப் படிப்பும் வேண்டுமென அச்சட்டம் கூறுகிறது. சில வாரங்களில் சான்றிதழ் தந்து, "அரசு வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பாருங்கள். சில வாரப் பயிற்சி பயனற்றது என்பது நம் கருத்தன்று. அஃது ஓர் உயிரைக் காக்கலாம். ஆனால் ஆசிரியப் பதவிக்கு அடித்தளம் ஆகாது. கடன் வாங்கிப் பணம் கட்டுமுன், அப்படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுக.

நான்காவது வாயில் சீருடைப் பணிகள். நாகபுரியில் 1957 இல் தொடங்கப்பெற்ற மத்திய நிலையம், 1968 இல் தேசிய சிவில் பாதுகாப்புக் கல்லூரி என்று பெயர் மாற்றம் பெற்றது. மும்பையின் சாந்தாக்ரூஸ் பகுதியில் மாநிலத் தீயணைப்புப் பயிற்சி நிலையம் உள்ளது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாளம் புணே அருகே இருக்கிறது. இவற்றில் முதலுதவியும் மீட்பும் கற்பிக்கும் ஆசிரியர்களுட் பலர், அப்படைகளிலேயே சேர்ந்து, பணியாற்றி, மேற்பயிற்சி பெற்று உயர்ந்தவர்கள். ஆகவே இங்கு முதற்படி ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பதன்று. தீயணைப்பு வீரராகவோ மத்திய ஆயுதக் காவற்படை வீரராகவோ சேர்வதாகும். உடல் வலிமையும் பன்னிரண்டாம் வகுப்புக் கல்வியும் மட்டும் உடைய இளைஞருக்கு இவ்வாயில் ஏற்றது. அங்கே பட்டத்தினும் அனுபவத்துக்கே மதிப்பு மிகுதி.

ஐந்தாவது வாயில் தொழிற்சாலைப் பாதுகாப்பு. செம்பூரில் வாழும் நம்மவருக்கு இதன் முக்கியத்துவத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்குள்ள மாஹுல் வட்டாரத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அவர்தம் கண்முன் நிற்பன. 2018 ஆகஸ்டில் அவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் தீ மூண்டபோது எழுந்த ஓசையைப் பல வீடுகள் உணர்ந்தன. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டும் என்றும், முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் அஃது இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முதலுதவிப் பெட்டி வைக்கும் கடமையும், 500 தொழிலாளருக்கு மேற்பட்ட ஆலையில் ஆம்புலன்ஸ் அறை அமைக்கும் கடமையும் தொடர்கின்றன. இத்துறைக்குரிய பயிற்சியில் முன்நிற்கும் மத்திய தொழிலாளர் நிலையம் நம் சயானிலேயே உள்ளது. எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றோர்க்கு அங்கே தொழிற்சாலை மருத்துவத்தில் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சி நடைபெற்று வந்துள்ளது. இது மத்திய அரசின் நிறுவனம் என்பதனால் ஏற்படும் ஒரு வேறுபாட்டைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். சென்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் முதலுதவிச் சான்றிதழைப் பெறலாம். சிவில் பாதுகாப்புத் தொண்டராகலாம். 1946 டிசம்பரில் இதே மும்பையில் முதன்முதல் தோன்றிய ஊர்க்காவற் படையில் சேரலாம். பேரிடர்த் தொண்டர்களைப் பழக்கும் ஆபத்து மித்திரர் திட்டமும் உண்டு. இவை சம்பளப் பதவிகள் அல்ல. ஆயினும் கை பழகுவதற்கும், தமக்கு இத்தொழில் ஒத்துவருமா என்று தெளிவதற்கும் இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இதுவரை கூறியவை இந்தியர் எவருக்கும் பொதுவானவை. பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்கே உரிய மூன்று செய்திகளை இனிக் கூறுவோம். படிப்பில் முதல்வராக நின்றவரும் இவற்றை அறியாமையால் வாய்ப்பை இழப்பதுண்டு.

முதலாவது மொழி. மகாராஷ்டிரத்தின் ஆட்சி மொழி மராத்தி. மாநகராட்சிப் பதவி விளம்பரங்களில், பத்தாம் வகுப்புத் தேர்வில் மராத்தியை 100 மதிப்பெண்ணுக்குரிய பாடமாக எடுத்துத் தேறியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை வழக்கமாகக் காணப்படும். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்பது நமக்குப் பெருமை. அவற்றிலும் பிற பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், எந்த மராத்திப் பாடத்தாளைத் தம் பிள்ளை எழுதுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் பதவியை இன்று எழுதும் ஒரு தாள் தீர்மானிக்கிறது.

இரண்டாவது இருப்பிடச் சான்று. மாநிலப் பதவிகளுக்கு டொமிசைல் சான்றிதழ் கேட்கப்படும். அதனைப் பெற மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, மின்கட்டண ரசீது முதலியவற்றை ஆண்டு வரிசைப்படி பாதுகாத்து வைப்போருக்கு இது கடினமன்று. மழை வெள்ளத்தில் தகரப் பெட்டியோடு காகிதங்களும் நனைந்து போகும் வீடுகள் தாராவியில் பல. ஆகவே நகல்களை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாதிச் சான்று. இது பலருக்கு வேதனை தரும் செய்தியே ஆயினும் மறைத்தல் தகாது. மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில் 1990 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு மாநிலத்தில் அட்டவணைச் சாதியினராகவோ பழங்குடியினராகவோ குறிக்கப்பட்டவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அவ்வுரிமையை அங்கே உடன்கொண்டு செல்ல இயலாது என்பது அதன் முடிபு. எனவே தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கொண்டு மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டுப் பதவியைக் கோர முடியாது. பொதுப் பிரிவிலேயே போட்டியிட வேண்டும். ஆனால் 1950 ஆகஸ்ட் 10 ஆம் நாளுக்கு முன்பே முன்னோர் இம்மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்து, அவர்களுடைய சாதி மகாராஷ்டிரத்தின் அட்டவணையிலும் இருக்குமாயின், இங்கேயே சான்றிதழ் கோரலாம். பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மகாராஷ்டிர அரசு கொள்ளும் நாள் 1967 அக்டோபர் 13. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாட்டனார் காலத்திலேயே தாராவிக்கு வந்த குடும்பங்கள் பல. பாட்டனாரின் பெயர் உள்ள பழைய பள்ளிப் பதிவோ ஆலைச் சம்பளச் சீட்டோ இன்று பேரனுக்கு வாழ்வளிக்கக்கூடும். மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றோடு சரிபார்ப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை. அதற்குக் காலம் பிடிக்கும் ஆதலின், விளம்பரம் வந்த பின்னர் ஓடுவதில் பயனில்லை.

முன்பு குறிப்பிட்ட வேறுபாடு இங்குதான் விளங்குகிறது. மத்திய அரசின் பதவிகளுக்கு, பிறப்பிட மாநிலத்தின் முறையான சான்றிதழைக் கொண்டு அட்டவணைச் சாதியினர் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மும்பையிலேயே அமைந்த பதவியாயினும், அதனை வழங்குவது மத்திய அரசா, மாநில அரசா, மாநகராட்சியா என்று முதலிற் கேளுங்கள். அக்கேள்விக்குரிய விடையே மொழி, இருப்பிடம், ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் முடிவு செய்யும்.

விளம்பரத்தைப் படிக்கும் முறை குறித்தும் ஒரு சொல். இன்றியமையாத தகுதி என்றும் விரும்பத்தக்க தகுதி என்றும் இரு தலைப்புகள் இருக்கும். முன்னது இல்லாதவர் விண்ணப்பிப்பதில் பயனில்லை. பின்னது இல்லாதவர் தயங்க வேண்டுவதில்லை. எந்த நாளில் தகுதி நிறைவுற்றிருக்க வேண்டும் என்பதை நோக்குக. அனுபவம் பட்டத்துக்கு முன்னதா பின்னதா என்பதை நோக்குக. முதலுதவிச் சான்றிதழ் கேட்கப்பட்டிருப்பின் அது காலாவதி ஆகாதிருத்தலை நோக்குக. ஐயம் இருப்பின் தரகரைக் கேளாது அலுவலகத்தையே கேளுங்கள்.

இறுதியாக ஒன்று கூறுவோம். மராத்தி கற்றுக்கொள்க என்று வற்புறுத்திய நாம், தமிழின் பயனை மறந்தோமில்லை. தாராவியின் ஒரு சிறு அறையில், ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள் என்று கொள்வோம். குழந்தையின் தொண்டையில் கடலை சிக்கினால் செய்ய வேண்டுவதை அவளுக்கு மராத்தியிலோ இந்தியிலோ கூறினால் பாதியே விளங்கும். தமிழில் கூறி, ஒரு பொம்மையை அவள் மடியில் கிடத்தி, முதுகில் தட்டும் முறையைக் காட்டினால் அவள் ஆயுளுக்கும் மறவாள். அலுவலகத்தில் மராத்தியும், நூலில் ஆங்கிலமும், சந்தில் தமிழும் பேசவல்ல ஆசிரியர் இந்நகருக்குத் தேவை. அத்தகையோர் நம் வீடுகளிலிருந்தே தோன்ற வேண்டும்.

விபத்தில் உதவச் சென்றால் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்கும் என்று அஞ்சிய காலம் இருந்தது. 2016 இல் உச்ச நீதிமன்றமும், 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. அச்சத்தைச் சட்டம் ஓரளவு நீக்கியது. அறியாமையை நீக்குவது ஆசிரியரின் கடமை. அந்த ஆசிரியராக வர விரும்பும் இளைஞர், இன்றிரவே தம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களை வரிசைப்படுத்தத் தொடங்குவாராக.